தாளின் அடியில் இரண்டு வரி

அவளை யாரும் துரத்தவில்லை. முதலில் அதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். போலீஸ் வந்தது என்று முதல் மாடிக்காரி சொல்வதும், கம்பெனியில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள் என்று சலவைக் கடைக்காரர் கூடவே தாளம் போடுவதும் சுத்தப் பொய். அவள் தப்பே செய்யவில்லை என்று வாதாட இங்கே யாரும் வரவில்லை. செய்தாள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த வரியில் என்று அவளே சொன்னாள். சொல்லாமல் இருந்திருந்தால் முதல் மாடிக்காரிக்கு இதைப் பற்றிப் பேச ஒரு வார்த்தை கிடைத்திருக்குமா? அவள் வாயால் சொன்னதை வாங்கி வைத்துக்கொண்டே அவளை மென்று துப்புகிறார்கள். துப்புங்கள். ஆனால் நடந்ததைத் தெரிந்துகொண்டு துப்புங்கள்.

அவள் அந்தக் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் குடியிருந்தாள். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற உயரமான கட்டடங்களுக்கெல்லாம் ஓடி ஓடி லிஃப்ட் பார்க்கிற மனுஷன், தன் வீட்டுக்கு நாற்பத்திரண்டு படி ஏறித்தான் போவான். அதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் அங்கே கிடையாது. ஒரே மகள், விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். கட்டடத்தில் இவளுக்குக் கம்ப்யூட்டர்க்காரி என்று பேர். ஆபீசில் பெரியக்கா. பத்தொன்பது வருஷம் ஒரே ஆபீஸ், ஒரே ஜன்னலோரம். கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் கம்பெனி விட்டுக் கம்பெனி பறந்துவிட்டார்கள். இவள் மட்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தாள். கெட்டிக்காரத்தனத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. தான் கட்டினதை இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட்டுப் போக மனசு வராது, அவ்வளவுதான். நல்ல குணமா கெட்ட குணமா என்று கேட்டால், இரண்டும்தான்.

அவள் கட்டினது ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்கான வெப் அப்ளிகேஷன். அந்த லேபுக்கு ஊரில் ஆறு கிளை. காலையில் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால், சாயங்காலம் போனில் நம்பரைத் தட்டிப் பார்க்கலாம். வேண்டுமென்றால் தாளாகவும் அச்சடித்துக்கொள்ளலாம். மேலே பேர், நடுவில் எண்கள், அடியில் லேப் டாக்டர் எழுதுகிற குறிப்பு இரண்டு வரி. ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் பேர் பார்ப்பார்கள். அத்தனை பேருக்கும் அவரவர் முடிவு அவரவர் கைக்குப் போக வேண்டும். அதற்குள்ளே நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன வேலையாட்கள் மாதிரி புரோகிராம்கள். ஒன்று வந்தவர் யாரென்று பார்க்கும். ஒன்று எண்களை எடுத்துவரும். ஒன்று தாள் தயாரிக்கும். ஒன்றுக்கு ஒன்று உதவி வேண்டும்.

இவள் சேர்ந்த காலத்தில் ஒவ்வொரு புரோகிராமும் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளுமாம். ஒரே வீட்டில் பத்து அடுப்பு மாதிரி. எந்த அடுப்பு எங்கே எரிகிறது என்று யாருக்கும் தெரியாது. அதைக் கலைத்துவிட்டு ஃபிரேம்வொர்க் என்று வெளியிலிருந்து ஒரு பொதுச் சட்டகத்தைக் கொண்டுவந்தவள் இவள்தான். டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன் என்று அந்த முறைக்கு நீளமான பேர். பேர்தான் நீளம், சங்கதி சின்னது. எந்தப் புரோகிராமும் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளக் கூடாது. எனக்கு இன்னது வேண்டும் என்று வாசலில் சொல்லிவிட்டு நிற்க வேண்டும். ஃபிரேம்வொர்க் கொண்டுவந்து கையில் கொடுக்கும். யாருக்கு எதைக் கொடுப்பது என்று ஒரே ஒரு ஃபைலில், வரி வரியாக எழுதி வைத்துவிட வேண்டும்.

அந்த வரியில் இன்னொன்றும் எழுத வேண்டும். கொடுக்கிற பொருளுக்கு ஆயுசு எவ்வளவு என்று. லேபில் சுவர்க்கடிகாரம் வருகிற எல்லாருக்கும் ஒன்றுதான். ஊசி அப்படியா? ஒருத்தருக்கு ஒன்று, குத்தினால் குப்பைக்கூடை. அந்த ஃபைலிலும் அதே கணக்கு. சிலது, இதையெல்லாம் ஓட்டுகிற மிஷின் காலையில் கிளம்பும்போது ஒரு தடவை செய்து எல்லாருக்கும் பொதுவாக வைப்பது. சிலது ஒருத்தர் வந்தால் புதிதாகச் செய்து, அவர் போனதும் தூக்கிப் போடுவது. வந்தவர் யார் என்று நினைவு வைத்திருக்கிறதே, அது ஊசி ஜாதி. ஒருத்தருடையது இன்னொருத்தருக்குப் போகவே கூடாது.

இதற்காகவே அவள் ஆபீசில் ஒரு பழக்கம் வைத்திருந்தாள். அந்த ஃபைலில் யார் கை வைத்தாலும் நாற்காலியைவிட்டு எழுந்து நிற்க வேண்டும். நின்று, மாற்றப்போகிற வரியைச் சத்தமாகப் படித்து, "இது யாருக்கு, எவ்வளவு நேரம்" என்று கூட வேலை செய்கிற மற்ற மூன்று பேரையும் பார்த்துச் சொல்ல வேண்டும். மூன்று பேரில் ஒருத்தர் மறுகேள்வி கேட்டே ஆக வேண்டும். புதிதாக வந்தவர்கள் முதல் வாரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருக்கிறது என்று அவளுக்கு அடுத்த நாற்காலிக்காரி, சுருட்டைமுடி என்று கூப்பிடுவார்கள், அவளே கேலி செய்திருக்கிறாள். ஆனால் ஆறு வருஷமாக அந்தப் பழக்கத்தால் ஒரு தப்பும் வெளியே போனது கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை. தாள் அச்சாக நேரமாகிறது, கிளைகளில் ஜனங்கள் வரிசையில் நின்று முணுமுணுக்கிறார்கள் என்று மேனேஜர் ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் என்றால் இவளைவிடப் பத்து வயசு சின்னவர். மேடம், மேடம் என்று மரியாதையாகத்தான் பேசுவார். அன்றைக்கு மத்தியானம் மற்ற மூன்று பேரும் சாப்பிடக் கீழே போயிருந்தார்கள். இவள் தனியாக உட்கார்ந்து பார்த்ததில் காரணம் பிடிபட்டது. தாள் தயாரிக்கிற புரோகிராம் ஆளுக்கு ஒரு தடவை புதிதாகப் பிறந்து பிறந்து செத்துக்கொண்டிருந்தது. பிறக்கும்போதெல்லாம் எழுத்துரு, முத்திரை, கட்டம் என்று சாமான்களை இழுத்துவரத்தான் அவ்வளவு நேரம். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று வைத்துவிட்டால் தீர்ந்தது. ஒரு வரியில் ஒரு வார்த்தை மாற்றினாள்.

எழுந்து நிற்கவில்லை. யார் முன்னால் நிற்பது? மூன்று நாற்காலியும் காலி. அவர்கள் இருந்திருந்தாலும் அவளை மறுகேள்வி கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம். எல்லாரும் சந்தேகம் கேட்டு வருவது அவளிடம்தான். அவள் எழுதினதை அவளே சரி என்று அழுத்தி அனுப்பினாள்.

தாள் தயாரிக்கிற அந்தப் புரோகிராமின் மடியில், வந்தவர் யார் என்று நினைவு வைக்கிற பொருளும் உட்கார்ந்திருந்தது. அதை அவள் மறந்துபோனாள். தாள்காரனுக்குச் சாவு இல்லை என்று எழுதினதும், அவன் மடியில் இருந்ததற்கும் சாவு இல்லாமல் போயிற்று. மிஷின் காலையில் கிளம்பினதும் முதலில் யார் தாள் எடுத்தாரோ, அவரையே நாள் பூராவும் பிடித்து வைத்துக்கொண்டது. மேலே இருக்கிற பேரும் எண்களும் வேறு வழியில் வருவதால் அவை சரியாகவே வந்தன. அடியில் இருக்கிற அந்த இரண்டு வரிக் குறிப்பு மட்டும் அன்றைய முதல் ஆளுடையது, எல்லார் தாளிலும்.

ஃபிரேம்வொர்க் சும்மா இருந்ததா என்றால், அதற்கும் பதில் இருக்கிறது. இந்த மாதிரி மடியில் தப்பான ஆள் உட்கார்ந்திருந்தால், மிஷின் கிளம்பும்போதே கத்தி நிறுத்துகிற ஒரு சோதனை அதில் உண்டு. வெளியிலிருந்து வாங்கின பழைய புரோகிராம் ஒன்று அந்தச் சோதனையில் முட்டிக்கொண்டு நின்றதால், இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதை அணைத்து வைத்தவளும் இவள்தான். சரிசெய்தபின் திறக்கவும் என்று மேலே தேதியோடு குறித்தும் வைத்திருந்தாள். திறக்கவில்லை. வேலைக்கு மேலே வேலை வந்தது. வீட்டில் நாமெல்லாம் ஒழுகுகிற குழாயைத் துணி சுற்றி வைக்கிறோம் இல்லையா, அப்படித்தான்.

பதினோரு நாள் போயிற்று. எவருக்கும் தெரியவில்லை. தாள் வேகமாக வருகிறது என்று கிளைகளிலிருந்து பாராட்டுத்தான் வந்தது.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தையல்காரர் குடும்பம். முன்னறையில் மிஷின், பின்னறையில் குடித்தனம். அவளுடைய மகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைத்த நாளிலிருந்து பழக்கம். இவளைத் தங்கச்சி என்பார், இவள் அண்ணே என்பாள். கொஞ்ச நாளாக அவருக்குக் கால் வீக்கம். மிதிக்கிற கால் என்றால் வீங்கத்தான் செய்யும் என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தவரை அவர் பெண்சாதி விரட்டி விரட்டி லேபுக்கு அனுப்பினாள். திங்கட்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டர்க்காரி வேலை முடிந்து வரும்போது, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே மனுஷன் வாசலுக்கு ஓடிவந்தார். கையில் தாள்.

"தங்கச்சி, உன் கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு பாரு. எல்லாம் சரியா இருக்கு, மறுபடி வரத் தேவையில்லைன்னு. உங்க அண்ணிதான் என்னைச் சாகடிக்கப் பார்த்தா."

உள்ளேயிருந்து அவர் பெண்சாதி, பொத்தான் தைத்துக்கொண்டே, சாகிறவருக்கு இத்தனை வாய் இருக்காது என்றாள். இவளும் சிரித்துக்கொண்டேதான் தாளை வாங்கினாள். எண்களைப் பார்த்துச் சொல்ல அவள் டாக்டர் இல்லை. ஆனால் குறிப்பின் கீழே டாக்டரின் பேருக்குப் பதில் இரண்டு எழுத்து இருக்கும். அந்த எழுத்துகளைப் பட்டியலில் ஏற்றினவள் அவள். தாளில் இருந்த இரண்டு எழுத்தும் ஊரின் மறுகோடிக் கிளையில் உட்காருகிற டாக்டருடையவை. தையல்காரர் ரத்தம் கொடுத்தது பக்கத்துத் தெருவில்.

அவள் முகம் எப்படிப் போயிற்று என்று அவர் கவனிக்கவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியேறினாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் போய்விட்டாள். கண்டுபிடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மாற்றின வார்த்தையைத் திரும்ப மாற்றினாள், முட்டிக்கொண்டு நின்ற பழைய புரோகிராமைச் சரிசெய்து சோதனையைத் திறந்துவிட்டாள், மிஷினைக் கிளப்பினாள். பிறகு அந்தப் பதினோரு நாளில் எத்தனை பேர் தாள் எடுத்தார்கள் என்று எண்ணிப் பார்த்தாள். ஆயிரக்கணக்கில் வந்தது. அதில் அவரவர் சொந்தக் குறிப்பில் டாக்டரைப் பாருங்கள் என்று இருந்தும், கைக்கு வேறு குறிப்பு போனவர்கள் எத்தனை பேர் என்று பிரித்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு. தையல்காரர் அதில் ஒருத்தர். மூன்று நாளைக்குள் சிறுநீரக மருத்துவரைப் பார்க்கவும் என்பதுதான் அவருடைய நிஜக் குறிப்பு. அந்த மூன்று நாளில் ஒன்று ஏற்கெனவே போயிருந்தது.

மேனேஜர் வந்ததும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் பாவம், வெளுத்துப்போனார். மேலிடத்துக்குப் போன் போட்டார். வக்கீலைக் கேட்க வேண்டும், கேட்டுவிட்டு லேபுக்கு முறையாகக் கடிதம் போகும், நாளைக்கே போய்விடும், அதுவரை ஒருத்தரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று பதில் வந்தது. தன் பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் இருக்கிறார், அவருக்காவது சொல்லட்டுமா என்று கேட்டாள். ஒருத்தருக்குச் சொன்னால் எல்லாருக்கும் சொன்ன மாதிரி, ஒரு நாள் பொறுங்கள் மேடம் என்றார்.

பொறுத்தாள். அவளைக் குற்றம் சொல்ல வேண்டுமென்றால் இங்கே சொல்லுங்கள், போலீஸ் கதையை விட்டுவிட்டு. அன்று சாயங்காலம் தையல்கடை வாசலில் நின்று, எதற்கும் ஒரு தடவை டாக்டரைப் பாருங்கள் அண்ணே என்று மட்டும் சொன்னாள். அவர் மிஷினை நிறுத்தாமலே சிரித்தார். வரவேண்டாம் என்று எழுத்தில் கொடுத்த பிறகு போய் நின்றால் அவர்கள்தான் சிரிப்பார்கள் என்றார். அதற்குமேல் அவள் பேசவில்லை. பேசியிருக்கலாம். புதன்கிழமை கடிதம் போகவில்லை. வாசகத்தைத் திருத்துகிறார்கள் என்றார்கள். வியாழக்கிழமை வக்கீல் வெளியூர். வெள்ளிக்கிழமை திங்களுக்குக் கட்டாயம் என்றார்கள். ஒவ்வொரு நாளும் மேனேஜர் அறைக்கு இரண்டு தடவை போனாள். ஒவ்வொரு நாளும் தையல் மிஷின் சத்தத்தைத் தாண்டித்தான் வீட்டுக்கு ஏறினாள். சாப்பாடு இறங்கவில்லை. புருஷன் கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

சனிக்கிழமை காலையில் மிஷின் சத்தம் இல்லை. மூச்சு வாங்க முடியாமல் அவரை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போயிருந்தார்கள். அவள் ஓடினாள். வராந்தாவில் பெஞ்சில் அவர் பெண்சாதி, மடியில் அவருடைய செருப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவள் பக்கத்தில் உட்காரவில்லை. நின்றபடியே, தாளில் இருந்த குறிப்பு அவருடையது இல்லை, என் தப்பால் வேறு ஒருவருடையது வந்துவிட்டது என்று சொன்னாள்.

அந்த அம்மாள் கேட்டாள்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை, அண்ணி."

"இன்னைக்கு என்ன கிழமை?"

அந்த அம்மாள் திட்டவில்லை, கையை ஓங்கவில்லை. முதல் மாடிக்காரி சொல்கிறாளே, முடியைப் பிடித்து இழுத்தாள் என்று, அதுவும் பொய். அவள் செய்ததெல்லாம் செருப்பை மடியில் திருப்பி வைத்துக்கொண்டு, இவளைப் பார்க்காமல், "போ" என்றதுதான்.

போனாள். வீட்டுக்கு இல்லை. நேராக லேபின் பெரிய கிளைக்கு. அங்கே ரிசப்ஷனில் ஒரு பெண் இருப்பாள், போனில் மட்டும் பழக்கம். தாள் வரவில்லை, எழுத்துக் கோணல் என்று அடிக்கடி கூப்பிடுகிறவள். முகம் பார்த்தது அன்றைக்குத்தான். இவள் எந்த லிஸ்டையும் கையில் கொண்டுபோகவில்லை. அடுத்தவர் விவரத்தை வெளியே எடுக்கக் கூடாது என்பதில் அந்த நேரத்திலும் சுத்தமாக இருந்தாள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, குறிப்பில் டாக்டரைப் பாருங்கள் என்று இருக்கிறவர்களை மட்டும் உங்கள் கம்ப்யூட்டரிலேயே எடுங்கள், அவர்கள் கையில் இருக்கிற தாள் தப்பு என்று சொன்னாள். ரிசப்ஷன் பெண் போனைக் கீழே வைத்துவிட்டு லேப் டாக்டரைக் கூட்டிவந்தாள். டாக்டர் அம்மாள் இரண்டே கேள்வி கேட்டார். எத்தனை பேர், உங்கள் கம்பெனிக்கு எப்போதிலிருந்து தெரியும். இரண்டுக்கும் பதில் சொன்னாள். ஆறு கிளையிலும் அந்த நிமிஷமே போன் போட ஆரம்பித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமையும் போட்டார்கள். இவள் ரிசப்ஷன் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். சிலர் திட்டினார்கள். சிலர் நன்றி சொன்னார்கள், அதுதான் தாங்க முடியவில்லை என்று புருஷனிடம் பின்னால் சொன்னாளாம். அவனுக்கு அன்றைக்குத்தான் எல்லாம் தெரிந்தது. அவன் ரொம்பப் பேசுகிறவன் இல்லை. லிஃப்ட் கதவு சரியாக மூடவில்லை என்றால், ஆள் ஏறியிருக்கிறதோ இல்லையோ, லிஃப்டை நிறுத்திவிட்டுத்தான் மேலிடத்துக்குப் போய்ச் சொல்லுவோம் என்றான். அவன் குத்திக் காட்டினானா, ஆறுதல் சொன்னானா என்று அவளுக்கும் புரியவில்லை, அவனுக்கும் தெரிந்திருக்காது. நாற்பத்திரண்டு படியும் அவளுக்கு முன்னால் ஏறிப் போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

தையல்காரர் செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தார். நாலைந்து நாள் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அவர் மச்சான் ஆஸ்பத்திரி டாக்டரைக் கேட்டதற்கு, பிழைத்திருப்பார் என்றும் சொல்ல முடியாது, மாட்டார் என்றும் சொல்ல முடியாது, வியாதி ரொம்ப நாளாக உள்ளே இருந்திருக்கிறது என்றார் அவர். கட்டடத்தில் எல்லாரும் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அவளும் அதையேதான் பிடித்துக்கொண்டாள். அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது முதல் மாடிப் படித் திருப்பத்தில் நின்றாள். கீழே இறங்கிப் போகத் தைரியம் வரவில்லை, மேலே ஏறிப் போகவும் மனசு வரவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அவளைத் தாண்டி ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். அந்த அம்மாள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான். மன்னித்தாளா என்று கேட்காதீர்கள். இல்லை. ஏன் மன்னிக்க வேண்டும்?

வியாழக்கிழமை ஆபீசில் கூப்பிட்டார்கள். இங்கேதான் துரத்தின கதை பிறக்கிறது, கவனமாகக் கேளுங்கள். மேனேஜரும், மேலிடத்திலிருந்து கண்ணாடிக்காரர் ஒருத்தரும் உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் தண்ணீர் பாட்டில்கூட அவளுக்கு ஒன்று வைத்திருந்தார்கள். கிளையன்ட்டிடம் நேராகப் போய்ச் சொன்னது விதிமீறல்தான், ஆனால் பத்தொன்பது வருஷ வேலையைப் பார்த்து அதை விட்டுவிடுகிறோம் என்றார் கண்ணாடிக்காரர். நாற்காலி அப்படியே இருக்கும். ஒரே ஒரு அறிக்கை லேபுக்குப் போக வேண்டும், அதில் அவள் கையெழுத்து வேண்டும் என்று ஒரு தாளை நகர்த்தினார். பொருட்களின் ஆயுசை நிர்வகிக்கும் வெளி ஃபிரேம்வொர்க்கில் ஏற்பட்ட எதிர்பாராத கோளாறால் குறிப்புகள் மாறின என்று அதில் எழுதியிருந்தது.

அவள் இரண்டு தடவை படித்தாள்.

"இது உண்மை இல்லை, சார். அது கோளாறு ஆகலை. நான் எழுதினதைத்தான் செஞ்சுது."

"மேடம், அதுல எல்லாமே நம்ம கண்ட்ரோல்ல இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. டெக்னிகலா இது தப்பான வாக்கியம் இல்லை."

"தப்புன்னு கத்துறதுக்கு அதுல ஒரு செக் இருந்துச்சு. அதை நான் மூடி வச்சிருந்தேன். அதையும் எழுதுங்க, போடறேன்."

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணாடிக்காரர் பொறுமையாக, இதில் அவளுக்கும் பாதுகாப்பு இருக்கிறது, ஓர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், நாளைக்கு கோர்ட், கேஸ் என்று வந்தால் அவள் பேர் மட்டும் தனியாக நிற்கும், யோசித்துவிட்டு மத்தியானத்துக்குள் சொல்லட்டும் என்றார். மிரட்டலா என்றால், மிரட்டல் இல்லை. அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தார்கள். அதுதான் கொடுமை.

தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். சுருட்டைமுடி நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கண்ணாடிக் கதவு வைத்த அறையில் எது மறையும்?

"கையெழுத்தைப் போட்டுட்டு இங்கேயே இருங்க அக்கா. ஃபிரேம்வொர்க்குக்கு வலிக்கவா போகுது?"

"அதுக்கு வலிக்காதுடி. ஆனா அந்தத் தாள் ஃபைல்ல உட்கார்ந்திருக்கும். நாளைக்கு நீ திறப்ப. தப்பு அதோடதுன்னு நெனச்சுப்ப. அது கத்தினாலும் நம்ப மாட்ட, மறுபடி மூடி வச்சிடுவ. அப்ப இன்னொரு வீட்டு வாசல்ல போய் யாருடி நிக்கிறது?"

சுருட்டைமுடிக்கு அழுகை வந்துவிட்டது. இவள் அழவில்லை. நடந்ததை நடந்தபடி ஒரு பக்கத்துக்குத் தானே தட்டினாள். எந்தத் தேதி, எந்த வரி, எந்தச் சோதனை எதற்காக எத்தனை நாள் அணைந்து கிடந்தது, தனக்குத் தெரிந்த பிறகு எத்தனை நாள் சும்மா இருந்தாள் என்று. அதில் கையெழுத்துப் போட்டாள். அவர்கள் கொடுத்த தாளில் போடவில்லை. இரண்டையும் கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைத்தாள். இதை அனுப்புவதாக இருந்தால் நான் இருக்கிறேன், அதை அனுப்புவதாக இருந்தால் எனக்கு இங்கே வேலை இல்லை என்றாள். மேனேஜர் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் ஜன்னலைப் பார்த்தார். யாரும் போ என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. அவளே கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றி அந்தத் தாளின் மேல் வைத்தாள்.

அப்போதுதான் அவள் போன் அடித்தது. லேபிலிருந்து ரிசப்ஷன் பெண். தையல்காரர் நீங்கலாக இருநூற்றுப் பத்துப் பேரிடம் பேசியாயிற்று, ஒருத்தர் மட்டும் பாக்கி. ஆறு நாளாக நம்பர் அணைந்தே கிடக்கிறது. எழுபத்திரண்டு வயசு, தனியாக இருக்கிறவர் என்று எழுதியிருக்கிறது. முகவரி ஊர்க்கோடியில் ரயில் லைனைத் தாண்டி. டாக்டர் அம்மாள் நேரில் போய்ப் பார்க்கச் சொல்லிவிட்டார், மத்தியானம் கிளம்புகிறேன் என்றாள்.

"மத்தியானம் எதுக்கு? நான் இப்பவே வரேன். கிளை வாசல்ல நில்லு."

பையை எடுத்துக்கொண்டாள். மேஜையில் மகளுடைய போட்டோ ஒன்று, ஒரு கோப்பை, ஒரு ஸ்வெட்டர். போட்டோவை மட்டும் பைக்குள் போட்டாள். மற்ற மூன்று பேரும் எழுந்து நடைவழிவரை வந்தார்கள். வாசல் கதவு அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். அட்டை மேனேஜர் மேஜையில் இருந்தது. சுருட்டைமுடி தன் அட்டையைக் காட்டித் திறந்துவிட்டாள். இவள் அவள் கன்னத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு, மணி பதினொன்று இருக்கும், வெயிலில் இறங்கி பஸ் ஸ்டாப்பைப் பார்த்து வேகமாக நடந்தாள்.